மஜ்ஜைக்கு வயதானால் எலும்பு என்ன ஆகும்? கேளுங்கள், சொல்கிறேன்

(மஜ்ஜை செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதுதான் எனக்குப் பல வருடமாக வேலை. டாக்டர் இல்லை, அதனால் மருந்துச் சீட்டு மட்டும் கேட்காதீர்கள்.)

செல்லூரிலிருந்து: அண்ணே, பையனுக்கு மணிக்கட்டு ஒடிந்து ஒரு மாதத்தில் கூடிவிட்டது. அம்மாவுக்கு 68 வயது, பாத்ரூமில் வழுக்கி அதே இடம் ஒடிந்து இழுத்துக்கொண்டே போகிறதே?

பையனுக்கு எலும்பைச் சுற்றியுள்ள உறையே தடிமன், அது பாதி வேலையை முடித்துவிடும். அம்மா விஷயம் வேறு. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எலும்பு கட்டும் செல்லாகவும் மாறும், கொழுப்புச் செல்லாகவும் மாறும். ரன்எக்ஸ்2 என்ற புரதத்தின் கை ஓங்கினால் எலும்பு, பிபார் காமாவின் கை ஓங்கினால் கொழுப்பு. வயது ஏற ஏற கொழுப்புப் பக்கம் சாய்கிறது, போதாததற்குக் கிழடு தட்டிய செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டு அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கக்கி அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தால், எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளமும் இல்லை. பயப்படாதீர்கள், கூடிவிடும், நாள் பிடிக்கும். ஆனால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்; அதில் வரும் டி-ஸ்கோர் (இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் ஒடியும் நோய்.

மேலூரிலிருந்து: நல்லி எலும்பை உறிஞ்சினால் அந்த ஸ்டெம் செல் நமக்கு வருமா?

வராது தம்பி. குழம்பு கொதிக்கும்போதே செத்துவிடும், மிச்சத்தை வயிறு பார்த்துக்கொள்ளும். (நானும் நல்லிக்கு அடிமைதான், அது வேறு கதை.) கறிக்கடையில் கவனித்துப் பாருங்கள், குட்டியின் எலும்பை வெட்டினால் உள்ளே சிவந்திருக்கும், முற்றிய கிடாயின் தொடை எலும்பில் வெளுத்து, நெய் மாதிரி விரலில் ஒட்டும். நமக்கும் கை கால் எலும்பில் இது இளவயதிலேயே இயல்பாக நடந்துவிடும். முதுமையில் அந்தக் கொழுப்பு முதுகெலும்பு, இடுப்பு வரை கூடிப்போகிறது, அங்கேதான் வம்பு.

உசிலம்பட்டியிலிருந்து: அப்போ எழுபதுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாதா அண்ணே? மாமியாரைப் படுக்கவைத்தே வைத்திருக்கிறோம்.

அதுதான் தப்பு தாயி. எலும்பின் மேல் பாரம் விழுந்தால்தான் அந்தச் செல் எலும்புப் பக்கம் திரும்பும். டாக்டர் சரி என்றால் கையைப் பிடித்து நடக்கவிடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அப்புறம், மூட்டு வலிக்கென்று சீட்டில்லாமல் ஏதாவது மாத்திரை வாங்குகிறீர்களா? அதில் ஸ்டீராய்டு இருந்தால் செல்லைக் கொழுப்புப் பக்கமே தள்ளும். ஆனால் பல மாதமாகச் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

திருநகரிலிருந்து: எலும்புத் தேய்வுக்கு ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் வருகிறதே, போடலாமா?

வேண்டாம். எலும்புப்புரைக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஸ்டெம் செல் ஆய்வுக்கென்று 2017-இல் வந்த நம் நாட்டின் தேசிய வழிகாட்டுதல்படி இது மாதிரியானவை மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.