கை மட்டும் தெரியும் கட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் ஈசூன் நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்தேன். ஒன்று சன்னி லியூவின் கிராஃபிக் நாவல் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்’. வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் 40 நிமிடம், திரும்பும்போது 40 நிமிடம், ஒரே நாளில் முடித்துவிட்டேன். முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. இன்னொன்று அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. மூன்று வாரம் இழுத்துப் பிடித்துப் படித்தேன். தமிழில் முக்கியமான நாவல் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குக் கனெக்ட் ஆகவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘இவ்வளவுதானா’ என்று இருந்தது. படம் போட்ட புத்தகத்துக்கு அழுகிறாய், நாவலுக்கு மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். கிராஃபிக் நாவல் இலக்கியமா? என் ரசனையில்தான் ஏதும் கோளாறா? என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் தகரப் பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அவர் போய் ஆறு ஆண்டு ஆகிறது, இப்போதுதான் திறக்க மனம் வந்தது. அதில் கிடைத்த ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். மற்ற கடிதங்களை விட்டுவிட்டு இதற்குப் பதில் எழுத அதுதான் காரணம்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கிராஃபிக் நாவல் இலக்கியமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. நீங்கள் படித்த புத்தகம் 2016இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு வாங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில், காமிக்ஸுக்கென்றே கொடுக்கும் ஐஸ்னர் விருது மூன்று. அதற்கு முன்னால், 2015இல் புத்தகம் வெளிவந்த சமயத்தில், தேசியக் கலைகள் மன்றம் அதற்குக் கொடுத்திருந்த 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வெறும் பொம்மைப் புத்தகம் என்றால் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். இதை நண்பர்களிடம் சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் விடுங்கள். ரசனையில் கோளாறா என்ற கேள்வியை மட்டும் இனி யாரிடமும் கேட்காதீர்கள். அழுதவர் நீங்கள். அதற்கு இன்னொருவர் ஒப்புதல் எதற்கு?

எனக்குக் கோபம் வந்தது அந்த 80 நிமிடத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகம் அது. பக்கத்துக்கு 16 விநாடிகூட இல்லை. ரயில் கதவு திறந்து மூடுகிற நேரம். அந்த 16 விநாடியில் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாத்திரங்கள் பேசுவதைப் போடும் பலூனுக்குள் இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு அடுத்த பலூனுக்குத் தாவியிருப்பீர்கள். படம் கண்ணோரத்தில் ஓடியிருக்கும், ஜன்னலுக்கு வெளியே புளோக்குகள் ஓடுவதுபோல. பிறகு கண் கலங்கியது என்று எழுதுகிறீர்கள். எந்தப் பக்கத்தில் என்று எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்தப் புத்தகத்தை அப்படிப் படிக்கவே கூடாது தம்பி. சார்லி சான் என்று ஓர் ஓவியர் இந்த ஊரில் இருந்ததில்லை. அவர் 1950களில் வரைந்ததாக வரும் பக்கங்கள், பழுப்பேறிய தாள், கறை, அத்தனையும் சன்னி லியூ வரைந்தவை. சீனம் மட்டும் புரிகிற ராட்சத ரோபோவும் அதை ஓட்டும் பையனும் ஒரு கதை. மலவாளி தூக்கும் தொழிலாளியைக் கரப்பான் கடித்து அவன் வீரனாவது இன்னொரு கதை. நிஜத்தில் பிரதமராகாத இடதுசாரித் தலைவர் லிம் சின் சியோங் பிரதமராகிற சிங்கப்பூர் ஒன்றும் அதில் வருகிறது. காலம் மாற மாற அந்த ஓவியரின் கோடும் மாறுகிறது. ஒரு மனிதன் வயதாவதைக் கோட்டை வைத்தே காட்டியிருக்கிறார். இல்லாத ஆளுக்கு ஒரு கையைச் செய்து கொடுத்திருக்கிறார், அந்தக் கையைப் பார்த்து ஆளை நாம் உண்டாக்கிக்கொள்கிறோம். பலூனைப் படித்துக்கொண்டு போனால் இதில் எது தெரியும்?

கை என்று எழுதியதும் அப்பா வந்துவிட்டார். சரி, அவரைப் பற்றியே சொல்கிறேன்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் சாயம் அடித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. சோங் பாங் கிராமத்தில் தகரக் கூரை வீட்டில் இருந்தோம். சிதம்பரம் கப்பலில் ஊருக்குப் போய்த் திரும்பிய சித்தப்பா ஒருமுறை முத்து காமிக்ஸ் ஒன்று கொண்டுவந்தார். எங்கள் கைக்கு வரும்போதே அட்டை கிடையாது. இரும்புக்கை மாயாவி கதை என்று மட்டும் தெரிந்தது. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே மாயாவியோடுதான். எங்கள் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன். மாயாவிக்கு ஒரு கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். அந்தக் கை மட்டும் மறையாது. கட்டத்தில் கை மட்டும் தனியாக மிதக்கும்.

அந்த மாதிரிக் கட்டம் வந்தால் அப்பா நிறுத்திவிடுவார். “ஆளு எங்க நிக்கிறாரு, காட்டு” என்பார். கைக்குப் பக்கத்தில் வெறுமையாக இருக்கும் இடத்தில் நான் விரல் வைப்பேன். “குனிஞ்சிருக்காரா, நிமிந்திருக்காரா?” மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, தோள் எங்கே வரும், தலை எங்கே வரும் என்று இரண்டு பேரும் கண்டுபிடிப்போம். சாரம் கட்டித் தொங்கிக்கொண்டு வேலை செய்தவர் அவர். ஒரு கை இந்த உயரத்தில் இருந்தால் உடம்பு எப்படி வளைந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பக்கம் முடிய ஒரு ராத்திரி ஆகும்.

ஒரு கட்டத்தின் மூலையில் காவல்காரர் ஒருவர் விழுந்து கிடப்பார். நகத்தளவு உருவம். அப்பா அவரை விடவே மாட்டார். அவருக்கு ஒரு வீடு கொடுத்தார், இரண்டு பிள்ளைகள் கொடுத்தார், வேலை முடிந்து வாங்கிப்போக வேண்டிய இருமல் மருந்தைக்கூடச் சட்டைப்பையில் வைத்தார். மாயாவி யாரைப் பிடித்தார், ஏன் பிடித்தார் என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்த மருந்துப் புட்டி உடைந்ததா இல்லையா என்று தூங்காமல் கிடந்தது நினைவிருக்கிறது.

தொடக்கநிலை இரண்டில் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தைப் பிடுங்கி, “அப்பா தப்பாச் சொல்றாங்க, இதுல அப்படிப் போடல” என்று பலூன்களைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். காவல்காரரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். “அப்படியா போட்டிருக்கு? அப்ப நீயே படிம்மா” என்றார். அதற்குப் பிறகு அவர் எனக்குக் கதை சொல்லவே இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் புரிய முப்பது ஆண்டு ஆயிற்று. புரிந்த பிறகும் அவரிடம் சொல்லவில்லை. வேலை, பிள்ளைகள், ஆஸ்பத்திரி என்று நாள் போய்விட்டது.

அப்புறம், அசோகமித்திரன். கனெக்ட் ஆகவில்லை என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். புத்தகம் எழுந்து வந்து நம்மைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த வார்த்தையில் இருக்கிறது. அசோகமித்திரன் அப்படி எழுந்து வருபவர் இல்லை. கையை மட்டும் வரைந்துவிட்டு ஆள் நிற்கும் இடத்தை நமக்கு விட்டுவிடுவார். மூன்று வாரம் ஆனதால் மெதுவாகப் படித்ததாக எண்ணிக்கொள்ளாதீர்கள். கதை எப்போது தொடங்கும் என்று காத்திருந்திருக்கிறீர்கள். அது முதல் பக்கத்திலேயே தொடங்கிவிட்டது. செகந்திராபாத்தில் ஒரு பையன் கிரிக்கெட் ஆடுகிறான், மாட்டைத் தேடிப் போகிறான், கல்லூரிக்குப் போகிறான். இதற்கிடையில் ஹைதராபாத் நிஜாமின் ராஜ்யம் கவிழ்ந்துகொண்டிருக்கிறது. பெரிய விஷயத்தைப் பலூனில் எழுதாமல் கட்டத்தின் மூலையில் போட்டிருக்கிறார். நீங்கள் நடுவில் தேடியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். 1948. கலவரம். அந்தப் பையன் சந்திரசேகரன் ஏதோ ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். தங்களைக் கொல்ல வந்தவன் என்று அந்த வீட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவர்களை விட்டுவிடச் சொல்லி, அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, அவன் வயதுதான் இருக்கும், தன் உடம்பையே அவன் முன்னால் வைக்கிறாள். அவன் ஓடுகிறான். நாவல் அதோடு சரி. நீங்கள் ‘இவ்வளவுதானா’ என்றது இதற்குத்தானே? நாவல் அவனோடு ஓடிவிடுகிறது, அந்த வீடு அங்கேயே இருக்கிறது தம்பி. அவன் போன பிறகு அந்தப் பெண் தரையில் கிடந்த துணியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பக்கம் பார்த்திருப்பார்கள்? மறுநாள் காலையில் அவளிடம் முதலில் பேசியவர் யார், என்ன பேசியிருப்பார்? இதில் எதையும் அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் உங்களுக்கும் கண் கலங்கியிருக்கும், இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் காய்ந்தும் போயிருக்கும்.

கடிந்துகொண்டேன் என்று வருத்தப்படாதீர்கள். வேலையிலிருந்து களைத்து வரும் 40 நிமிடத்தில், கைப்பேசியை விட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளை நீங்கள். அந்த ரயிலில் உங்களைப் பார்த்திருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன். எழுந்து எனக்கு இடம் விட்டிருப்பீர்கள் என்பதும் தெரியும்.

பெட்டியில் கிடைத்தது அந்தக் காமிக்ஸ்தான். நூல் கட்டிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ஓரங்களில் எல்லாம் பெருவிரல் பட்ட சாயம், கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் நிறம். காவல்காரர் விழுந்து கிடக்கும் பக்கத்தில் மட்டும் அந்த ரேகை ஓரத்தில் இல்லை, கட்டத்துக்குள் இருக்கிறது. அவர் மேல் படாமல், தலைமாட்டில்.

நாவலைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் நீட்டித்துக்கொள்ளுங்கள், கொடுத்துவிட்டால் மறுபடி எடுங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதையும் பெயர் போடாமலே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா