இடது மேக்னெட்டோவில் 200 ஆர்பிஎம் இறக்கம்: முதலில் பிளக்கைச் சந்தேகியுங்கள்

வணக்கம். கிளப்பின் பழைய செஸ்னா 172என் விமானத்தை ரன்-அப்பில் (பறக்கும் முன் செய்யும் என்ஜின் சோதனை) இடது மேக்னெட்டோவுக்கு (பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இரண்டு கருவிகளில் ஒன்று) மாற்றினால் 200 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) இறங்கி என்ஜின் உதறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உதறலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் பிளக்கில் ஈயம் படிந்திருக்கும். 100எல்எல் விமானப் பெட்ரோலில் ஈயம் உண்டு. ரிச் மிக்சரில் (காற்றோடு சேரும் பெட்ரோல் அதிகமான கலவை) மெதுவாக ஓடும்போது பிளக் போதிய சூடேறாது, அதனால் ஈயம் வெளியேறாமல் தங்கிவிடும்.

சாவியை 'போத்'துக்கு (இரண்டு மேக்னெட்டோவும் இயங்கும் நிலை) திருப்புங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்து 1800–2000 ஆர்பிஎம் வைத்து, ஆர்பிஎம் உச்சம் தொடும்வரை மிக்சரை மெல்லக் குறையுங்கள். ஆயில் வெப்பத்தைக் கவனித்தபடி அரை நிமிடம் ஓடட்டும். பிறகு ரிச்சாக்கி 1700-இல் மறுபடி சோதியுங்கள். 172என் கையேட்டின்படி இறக்கம் 125-ஐத் தாண்டக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள் இருக்கவேண்டும். இரண்டு முறை செய்தும் தெளியவில்லை என்றால் தயவுசெய்து பறக்காதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இறக்கமே இல்லாவிட்டால் அது நல்ல சகுனம் அல்ல. மேக்னெட்டோவை அணைக்கும் கிரவுண்ட் வயர் அறுந்திருந்தால் சாவியை அணைத்த பிறகும் மேக்னெட்டோ உயிரோடிருக்கும்; புரொப்பெல்லரைக் கையால் அசைத்தாலே என்ஜின் உதைக்கலாம்.

இனி டாக்சி செய்யும்போதே மிக்சரைக் குறையுங்கள், த்ராட்டிலைக் கூட்டினால் என்ஜின் திணறும் அளவுக்கு. அரைகுறையாகக் குறைத்தால் அப்படியே மறந்து டேக்-ஆஃப் ஓட்டத்தைத் தொடங்கிவிட வாய்ப்புண்டு. பிளக் தெளிந்துவிட்டாலும் எந்தப் பக்கம், எத்தனை ஆர்பிஎம் என்று பதிவேட்டில் எழுதிவையுங்கள். அடுத்து ஓட்டுபவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.