ஆரஞ்சு மரத்தில் பாசி: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஊடே 20 வயது ஆரஞ்சு மரங்கள். இரண்டு வருடமாகக் கிளை நுனி காய்கிறது. காய்ந்த கிளை முழுக்கச் சாம்பல் நிறத்தில் இலை இலையாகப் பாசி அப்பியிருக்கிறது. பழைய நிழல் மரங்களிலும் அதே. மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லி, மருந்துக் கடையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி கொடுத்தார்கள். அடிக்கவா, ஆள் விட்டுச் சுரண்டவா?

பதில்: பொட்டலத்தைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அது கல்பாசி வகை. பிரியாணிக்குப் போடுகிறோமே, அதன் பங்காளி. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். வேர் கிடையாது, மழை, பனி, காற்றில் வரும் தூசி, இவ்வளவுதான் அதன் சாப்பாடு. சத்தை உறிஞ்சுவது புல்லுருவி. இந்த வித்தியாசம் தெரியாதவர் மருந்துக் கடை வைக்கக் கூடாது. தெரிந்தே விற்றிருந்தால் இன்னும் மோசம்.

பாசி வந்ததால் கிளை காயவில்லை. மரம் மெலிந்து இலை கொட்டியதும் உள்ளே வெளிச்சம் விழுந்தது, பாசி பிடித்துக்கொண்டது. மரம் ஏன் மெலிந்தது என்றல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்? தூரில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். இலையில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் மஞ்சள் திட்டு இருந்தால் சிட்ரஸ் கிரீனிங் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் காப்பர் ஒன்றும் செய்யாது.

நிழல் மரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீரைப் பாசி மேல் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறம் கண்ணெதிரே பச்சையாகும். சில வகை கறுத்து, கூழ் மாதிரி உப்பும். அப்படி உப்பும் வகைக்குள் இருப்பது நீலப்பச்சைப்பாசி. நெல் வயல் தண்ணீரில் மிதக்கும் அசோலாச் செடியின் இலைக்குள் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கிறதே, அந்த இனம். இங்கேயும் அதே வேலைதான். உதிர்ந்து மட்கினால் காப்பிக்குக் காசில்லாத உரம். அமெரிக்காவில் ஒரிகன் பக்கத்துப் பழங்காடுகளில் லோபேரியா என்றொரு இலைப்பாசி டக்ளஸ் ஃபிர் மரங்களின் உச்சியில் வளர்ந்து, காட்டுக்கே இப்படித் தழைச்சத்து கொடுக்கிறது. நூறு வருடம் ஆகாத காட்டில் அதைக் காண்பதே அரிது.

பழைய மரத்தை வெட்டிவிட்டு சில்வர் ஓக் நடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். மரம் பத்து வருடத்தில் வளர்ந்துவிடும்; பாசி வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். மின்சிட்டுக் குருவி கூடு கட்டினால் வெளியே இந்தப் பாசியைத்தான் ஒட்டும். காப்பர் பட்டால் பாசி செத்துவிடும். மண்ணில் விழுந்த காப்பரோ அங்கேயே தங்கிவிடும். காப்பிக்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த காப்பர் மருந்து) அடிக்கும்போதுகூட நிழல் மரத்தண்டில் படாமல் பார்த்து அடியுங்கள்.

சரி, ஆரஞ்சுக்கு வருவோம். காய்ந்த கிளையைப் பச்சைக்கட்டை தெரியும் வரை வெட்டி, வெட்டுவாயில் மட்டும் போர்டோ பசை தடவுங்கள். காப்பருக்கு அங்கேதான் வேலை. அப்புறம், மஞ்சள் திட்டு விழுந்த இலைகளைக் கிளையோடு ஒடித்து, வாடுவதற்குள் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.