வாசகர் கேள்வி பதில்: ஜன்னல்ல எட்டிப் பாக்குற ரெண்டு பேரு

போன இதழ்ல பிரான்ஸ்ல பூர்ழ்னு ஒரு பழைய ஊருக்குப் போயி ழாக் கேர் மாளிகையப் பாத்துட்டு வந்தத ஒரு பத்தி எழுதினாலும் எழுதினேன், அதப் பத்தியே கேள்வி குவிஞ்சிருச்சு. சினிமா, அரசியல் கேள்விக்கெல்லாம் இந்த வாட்டி லீவு.

கே: அந்த மாளிகைய ஹோட்டல்னு எழுதியிருந்தீங்க. ஒரு நைட்டுக்கு ரூம் வாடகை எவ்ளோ? (வாசகர், திருப்பூர்)

ப: என் தப்புதான் சார், விளக்கி எழுதியிருக்கணும். அங்க ஓட்டெல்னா தங்குற லாட்ஜ் மட்டும் இல்ல. ஓட்டெல் பர்த்திக்குலியேன்னா ஊருக்குள்ள பெரிய பணக்காரங்க தங்களுக்குன்னு கட்டிக்கிட்ட சொந்த மாளிகை. ஓட்டெல் தெ வீல்னா நகராட்சி ஆபீஸ், ஓட்டெல் தியூன்னா பழைய காலத்து ஆஸ்பத்திரி. நம்ம புதுச்சேரி கடற்கரைல மேரி கட்டடம் 2014ல இடிஞ்சு விழுந்து அப்புறம் அதே மாதிரி திருப்பிக் கட்டினாங்கல்ல, அதுவும் ஓட்டெல் தெ வீல்தான், அங்க போயி இட்லி வடை கேட்டா எப்படி? ழாக் கேர் வீட்ல ரூமெல்லாம் கிடையாது, டிக்கெட் எடுத்துட்டு சுத்திப் பாக்கலாம், அவ்ளோதான்.

கே: யாருங்க அந்த ழாக் கேர்? ராஜாவா? (வாசகி, காரைக்குடி)

ப: ராஜா இல்லம்மா, ராஜாவுக்கே கடன் குடுத்த ஆளு. நீங்க காரைக்குடிங்கறதால உங்களுக்குச் சட்டுனு புரியும். அப்பா பூர்ழ்ல விலங்குத் தோல் வியாபாரி. மகன் கப்பல் விட்டு எகிப்து, சிரியா பக்கமெல்லாம் வியாபாரம் பண்ணி பட்டும் வாசனைச் சரக்குமா கொண்டுவந்து வித்தாரு. அப்போ எகிப்துல இருக்குற அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்துச் சந்தைக்கு மிளகு நம்ம பக்கத்து மலபார் கரைலேர்ந்து செங்கடல் வழியா போனதுதான், அதனால அந்த வீட்டுச் செவுத்துல நம்ம ஊர் மிளகுக் காசும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும்னு வச்சுக்குங்களேன். ஏழாம் சார்ல் ராஜாவோட அரண்மனைக்குத் துணிமணி நகைநட்டுன்னு எல்லாத்தையும் வாங்கிப்போடுற பொறுப்பு இவரு கைக்கு வந்துச்சு. இங்கிலீஷ்காரங்க கையில இருந்த நார்மண்டியத் திருப்பிப் பிடிக்க ராஜா படை எடுத்தப்ப, அதுக்கு 2 லட்சம் எக்யூ தங்கக் காசு கடன் குடுத்ததும் இவருதான். 1443ல வீட்ட ஆரம்பிச்சாரு, 1451ல ஏறக்குறைய முடிஞ்சுது. அந்த வருஷமே ஜூலை 31ஆம் தேதி அரெஸ்ட்!

கே: கூகுள்ல போட்டோ பாத்தேன், உள்ள ஒரு நாற்காலிகூட இல்ல. காலி ரூமப் பாக்கவா அவ்ளோ தூரம் போறது? (வாசகர், மதுரை)

ப: உண்மைதான், பெரும்பாலும் காலிதான். கட்டில் பீரோ திரைச்சீலைன்னு எதிர்பாத்துப் போனீங்கன்னா ஏமாந்துதான் வருவீங்க, நானே முதல் பத்து நிமிஷம் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டுதான் திரிஞ்சேன். அப்புறம் முற்றத்துக்கு வந்து நின்னேன் பாருங்க, அங்கதான் விஷயமே. நாலு பக்கமும் சுழல் படிக்கட்டு கோபுரங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு சின்ன கதவு, கதவுக்கு மேல ஒரு கல் சிற்பம். அடுப்படிக்குப் போற கதவு மேல பாத்தா சமையக்காரங்க வேலை செஞ்சுக்கிட்டு இருக்காங்க, அடுப்பு, பாத்திரம், எல்லாம் கல்லுல. சாமி கும்புடுற அறைக்குப் போற கதவு மேல பூசைக்கு ஏற்பாடு நடக்குது, மணி அடிக்கிறாங்க, பொம்பளைங்க வந்துக்கிட்டு இருக்காங்க. படிக்கத் தெரியாதவங்க கூட எந்தக் கதவு எங்க போகுதுன்னு பாத்தே தெரிஞ்சுக்கலாம், நம்ம ஆஸ்பத்திரில அம்புக்குறி போட்ட போர்டு வச்சும் ஆளுங்க வழி தெரியாம நிக்கிறாங்களே, அத நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் இதயமும் சிப்பியும். கேர்னா இதயம், சிப்பி புனித ஜேக்கப்போட சின்னம், ஜேக்கப்னா அவங்க பாஷைல ழாக். ஆக ரெண்டும் சேர்ந்தா ஓனர் பேரு! கைப்பிடிச் செவுரு, கதவு மேலன்னு எங்க பாத்தாலும் இதான். அவரோட கொள்கை வாசகத்தையும் செதுக்கியிருக்காங்க, நெஞ்சுரம் உள்ளவனுக்கு முடியாததுன்னு எதுவும் இல்லன்னு அர்த்தம், அதுல நெஞ்சுங்கற சொல் வர்ற எடத்துல எழுத்துக்குப் பதிலா இதயத்த வரைஞ்சு வச்சிருக்காரு. இப்ப நாம வாட்ஸ்அப்ல பண்றத மனுஷன் அப்பவே கல்லுல பண்ணிட்டாரு.

ஒரு கணப்பு அடுப்பு மேல இன்னொரு கூத்து. பிரபுக்கள் குதிரை மேல ஈட்டியோட மோதுவாங்கல்ல, அதையே குடியானவங்க கழுதை மேல உக்காந்து கேடயத்துக்குப் பதில் கூடைய வச்சுக்கிட்டுப் பண்ற மாதிரி செதுக்கியிருக்கு. இவரும் பட்டம் வாங்கிப் பிரபு ஆனவருதான், ஆனாலும் பரம்பரைப் பிரபுக்களக் கிண்டல் பண்ணாம இருக்க முடியல போல. அவங்க அத ரசிச்சிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

கே: அவரு ராஜாவோட காதலிக்கு விஷம் வச்சவருன்னு படிச்சேன். அப்படிப்பட்ட ஆளு வீட்டுக்கு இவ்ளோ பெருமையா? (வாசகர், சேலம்)

ப: அது ஜோடிச்ச கேசு சார். ஆன்யெஸ் சொரேல்னு அந்தம்மா பேரு, 1450 பிப்ரவரில இறந்துபோனாங்க. தன் உயிலை நிறைவேத்த வேண்டியவங்கள்ல ழாக் கேர் பேரையும் அவங்களே எழுதி வச்சிருந்தாங்க, அவ்ளோ நம்பிக்கை. விஷம் வச்ச குற்றச்சாட்டு கோர்ட்லயே நிக்கல. 2005 வாக்குல அவங்க உடல் மிச்சத்த ஆராய்ச்சி பண்ணப்ப பாதரசம் ஏகத்துக்கும் இருந்தது நெஜம், ஆனா அந்தக் காலத்துல வயித்துப் பூச்சிக்கு அதையே மருந்தாவும் குடுத்தாங்க. அரண்மனைல பாதிப் பேரு இவருகிட்ட கடன் வாங்கியிருந்தாங்க, கடன் குடுத்தவன் உள்ள போயிட்டா கடனும் போச்சுல்ல. விஷம் போயி வேற குற்றங்கள அடுக்கி 1453ல தீர்ப்பு, மொத்தம் 4 லட்சம் எக்யூ கட்டணும், சொத்தெல்லாம் பறிமுதல். 1454ல ஜெயில்லேர்ந்து தப்பிச்சு ரோமுக்குப் போயி, போப்பாண்டவரோட கப்பல் படைல சேந்து, 1456ல கிரேக்கப் பக்கம் கியோஸ் தீவுல செத்துப்போனாரு. பாத்துப் பாத்துக் கட்டின வீட்ல குந்தி ஒரு வேளை நிம்மதியா சாப்ட்டிருப்பாரான்னே சந்தேகம். இதுல வேடிக்கை என்னன்னா, பின்னாடி இந்த வீடே கோர்ட் ஆயிருச்சு! 1923ல கவர்மெண்டு வாங்கித்தான் பழையபடி செப்பனிட்டாங்க.

கே: அம்மாவக் கூட்டிட்டு ஜூன்ல பாரிஸ் போறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பூர்ழ் போயிட்டு வர முடியுமா? (வாசகி, புதுச்சேரி)

ப: தாராளமா. பாரிஸ்ல ஓஸ்தெர்லிட்ஸ் ஸ்டேஷன்ல ஏறினா சுமார் ரெண்டு மணி நேரம், காலைல போயிட்டு ராத்திரி திரும்பிடலாம். போற அன்னைக்கு மாளிகை எப்ப திறக்குது, மத்தியானம் பூட்டுவாங்களான்னு மட்டும் முன்கூட்டியே பாத்துக்குங்க. முழங்கால்தான் யோசனை, உள்ள பூரா சுழல் படி, ஓரத்துல தேய்ஞ்சு வழுவழுன்னு இருக்கும், நான் லெதர் செருப்பு போட்டுட்டுப் போயி ரெண்டு தடவ வழுக்கிச் செவுத்தக் கட்டிப்பிடிச்சேன். நீங்க ரப்பர் அடி ஷூவோட மேல போயிட்டு வாங்க, அம்மாவ எதிர்ல இருக்குற சின்ன சதுக்கத்துல உக்கார வைங்க, அங்க ழாக் கேர் சிலையும் இருக்கு, பேச்சுத் துணைக்கு ஆச்சு. வாசல் கதவுக்கு மேல ரெண்டு பக்கமும் பொய் ஜன்னல், ஒண்ணுல ஒரு ஆம்பள, இன்னொண்ணுல ஒரு பொம்பள, கல் உருவம்தான், தெருவ எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. மொதலாளி வர்றாரான்னு பாக்குற வேலைக்காரங்கன்னு சில பேரு சொல்றாங்க, இல்ல அவரும் அவரு சம்சாரம் மாசேயும்தான்னு சில பேரு. அம்மாவையே கேளுங்க, யாரா இருக்கும்னு. இதுக்கு டிக்கெட்டும் கிடையாது.