ஏரிப் பறவைகளை எழுதி வைத்த நோட்டு பயன்படுமா?

வணக்கம்ங்க. ஊர் ஏரியில் பார்த்த பறவைகளைத் தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், எண்ணிக்கை இல்லை, ஆராய்ச்சிக்கு உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக உதவும். பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் கணக்கு தொடங்கி, அந்தப் பழைய தேதியையே போட்டு ஏற்றுங்கள். எண்ணிக்கைக் கட்டத்தில் 'எக்ஸ்' போட்டால் போதும். பறவை இருந்தது, எண்ணவில்லை என்று பொருள். குத்துமதிப்பாக நூறு, இருநூறு என்று மட்டும் நிரப்பிவிடாதீர்கள்.

இனிப் போகும்போது 15 நிமிடமாவது நின்று, தெரிந்த எல்லாவற்றையும் எண்ணுங்கள், காக்கா மைனா உட்பட. (காக்காவை யாரும் எழுதுவதே இல்லை, அதுதான் வம்பு.) சேற்றோரம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் உள்ளான்கள் குழப்பினால், 'உள்ளான் வகை' என்றே பதியலாம், தப்பில்லை.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். தெருப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஆளுக்கொரு பைனாகுலரெல்லாம் வேண்டாம்.