ஏற்றிவிட்ட வாய்

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் இரண்டு பேருக்கு வாய்த்தகராறு. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "ஆம்பளையாடா நீ? போடு அவனை!" என்று ஏற்றிவிட்டார். ஒரே அடிதான். விழுந்தவர் தலை படிக்கல்லில் மோதி, உயிர் போய்விட்டது. அடித்த பையன் சிறையில். ஏற்றிவிட்டவர் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். தூண்டிவிட்டவரைத் தண்டிக்க இந்த நாட்டில் சட்டமே இல்லையா?

பதில்: இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது. குற்றம் செய்யத் தூண்டுவதே குற்ற உடந்தை என்கிறது 45ஆவது பிரிவு. தூண்டியவர் குற்றம் நடந்த இடத்திலேயே நின்றிருந்தால், அந்தக் குற்றத்தை அவரே செய்ததாகக் கொள்ளவேண்டும் என்கிறது 54. "அடிக்கத்தானே சொன்னேன், சாகடிக்கவா சொன்னேன்?" என்பார். அதற்கு 53 இருக்கிறது: தான் தூண்டிய செயலால் சாவு நேரக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், சாவுக்கும் அவர் பொறுப்பு.

தெரிந்திருந்ததா என்பதில்தான் வழக்கே நிற்கும். அடித்தவனுக்கும் இதே கேள்விதான். 1988இல் பஞ்சாபின் பாட்டியாலாவில் நடுரோட்டுத் தகராறில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து அடித்த முதியவர் இறந்தார். கீழ் நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் 2006இல் 3 ஆண்டு கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. பிறகு 2022இல் அதுவே ஓராண்டு கடுங்காவல் என்றது. அடி ஒன்றுதான், தீர்ப்பு நான்கு.

உங்கள் ஊர்ப் பையனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. திடீர் ஆத்திரமூட்டலைக் காட்டிக் கொலைக் குற்றத்தின் கடுமையைக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பொதுவாக, ஆத்திரமூட்டியவர் அடிபட்டு இறந்தவராகவே இருக்கவேண்டும். பெரியவர் உசுப்பியது அந்தக் கணக்கில் வராது. அவருடைய சொல் பையனைக் காப்பாற்றாது; அவரை வேண்டுமானால் உள்ளே தள்ளும்.

அப்புறம் ஏன் தள்ளவில்லை? அந்தச் சொல் போலீஸ் ஏட்டில் ஏறவில்லை என்றுதான் நினைக்கிறேன். திருவிழாக் கூட்டத்தில் நூறு காதுகளாவது அதைக் கேட்டிருக்கும். எத்தனை பேர் வாக்குமூலம் கொடுத்தீர்கள்? வார்த்தை மாறாமல் எனக்கு எழுதத் தெரிந்த நீங்கள், விசாரணை அதிகாரியிடம் சொன்னீர்களா? பெரிய மனிதர், நாளைக்கும் முகத்தில் விழிக்கவேண்டுமே என்று ஊரே வாயை மூடிக்கொண்டது. அந்தப் பையனுக்கும் ஒரு தாய் இருப்பாள், ஐயா.

இன்னும் நேரம் இருக்கிறது. விசாரணையில் வலுவான சாட்சியம் வந்தால், குற்றப்பத்திரிகையில் பெயர் இல்லாதவரையும் நீதிபதி கூண்டில் ஏற்றலாம். வழக்கு முடிவதற்குள் அரசு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், அன்று பக்கத்தில் நின்று கேட்டவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.