2100 வாட் ரூட்டரை டேபிளில் மாட்டலாமா?

கேள்வி: அலமாரிக் கதவு செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மரத்தின் ஓரத்தைச் சீவிக் குடையும் மெஷினான ரூட்டரில் சின்ன வகைதான் என்னிடம் இருக்கிறது: 6 மி.மீ. தண்டுள்ள பிட் (வெட்டும் அலகு) போடும் 700 வாட் டிரிம்மர். தேக்குக் கதவுக்கு ரெய்ஸ்டு பேனல் (ஓரம் சரிந்து நடு மேடாக நிற்கும் பலகை) அடிக்க, ரூட்டரைத் தலைகீழாக அடியில் மாட்டும் ரூட்டர் டேபிள் போடலாம் என்றிருக்கிறேன். 2100 வாட் ரூட்டர் இல்லாமல் முடியாது என்கிறார் கடைக்காரர். நிஜமா, வியாபாரப் பேச்சா?

பதில்: கடைக்காரர் சொல்வது சரிதான். பேனல் பிட்டுகள் 80, 90 மி.மீ. அகலத்தில் வரும். தண்டு பெரும்பாலும் அரை அங்குலம். உங்கள் டிரிம்மரில் அது நுழையவே நுழையாது.

ஆனால் வாட்டை மட்டும் பார்த்துக் காசை நீட்டாதீர்கள். வேகத்தைக் குறைக்கும் டயல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய ரூட்டர் வாங்குவது வேகமாகச் சுற்றுவதற்கு அல்ல. மெதுவாகச் சுற்றும்போதும் திணறாமல் வெட்டுவதற்கு. 90 மி.மீ. பிட்டை நிமிடத்துக்கு 22,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 370 கி.மீ.க்கு மேல் பாயும். 10,000-க்கு இறக்கினால் 170 கி.மீ. அந்த அளவு பிட்டுக்கு அதுவே போதும். மகிட்டாவின் ஆர்பி2301எஃப்சி என்ற 2100 வாட் ரூட்டர் 9,000 வரை இறங்கும். டயல் இல்லாத ரூட்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

பெட்டிமேல் போட்டிருக்கும் எச்.பி.யையும் நம்ப வேண்டாம். 3¼ எச்.பி. என்று விற்கும் அமெரிக்க மாடல்கள் அங்குள்ள 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக்கில் ஓடுபவை. கணக்குப் போட்டால் 1800 வாட், அதாவது 2.4 எச்.பி.தான் வருகிறது!

அப்புறம் கோலட், அதாவது பிட்டின் தண்டைப் பிடிக்கும் கவ்வி. 12 மி.மீ. கோலட்டும் அரை அங்குலக் கோலட்டும் ஒன்றல்ல. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. 12 மி.மீ. தண்டை அதில் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. ஓடும்போது பிட் நழுவினால் ஆபத்து. பிட்டையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

2100 வாட் ரூட்டர் 9 ஆம்பியர் வரை இழுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்காது. பவர் பிளக்கில் போடுங்கள். டேபிளுக்குத் தனி சுவிட்ச் வையுங்கள், அதுவும் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்காத வகையாகப் பார்த்து. பவர் கட் நேரத்தில் பிட் பக்கத்தில் கை இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரூட்டரே சுமார் 6 கிலோ. மெல்லிய பிளைவுட்டில் நேராகத் தொங்கவிட்டால் நாளடைவில் பலகை தொய்யும். அலுமினியத் தகடு போட்டு மாட்டுங்கள். பேனலை ஒரே இழுப்பில் முடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தடவை ஓட்டுங்கள். பலகை வலமிருந்து இடமாகத்தான் போக வேண்டும். இவ்வளவு பெரிய பிட்டைப் போட்டு ரூட்டரைக் கையில் பிடித்து ஓட்டவே கூடாது.

டிரிம்மரை விற்றுவிடாதீர்கள். லேமினேட் ஓரம் சீவ இந்தப் பெரிய மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது.